ராஜநாயக்கன் படித்த புத்தகம்

மதுரைப் பக்கம் கிறிஸ்தவ சரித்திரம் என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். ஒன்று, 1606-ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி. இன்னொன்று, 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த அமெரிக்கன் மதுரை மிஷன். மதுரை அமெரிக்கன் கல்லூரியும், எங்கள் மேலூர் சுற்றுவட்டாரத்து சி.எஸ்.ஐ. சபைகளில் பலவும் இந்த இரண்டாவது கூட்டத்தின் வழியில் வந்தவை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது கதை இருக்கிறது. லுத்தரன்காரர்களின் கதை. நம்ம பக்கத்து ஆட்களிடம் லுத்தரன் என்று சொன்னால், "திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரிதானே?" என்பார்கள். மேலூரில் பஸ் ஏறி கீழவளவு வழியாகப் போனால் வருமே, அந்த சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்தான். அந்த ஆஸ்பத்திரிக்கும் பின்னால் இருப்பது இதே சபைதான். ஆனால் கதை ஆரம்பிப்பது ஆஸ்பத்திரியில் இல்லை. கடற்கரையில் ஒரு அச்சுக்கூடத்தில்.

"பி.காம் படிக்கிறவனுக்கு சர்ச் சரித்திரம் எதுக்குப்பா?" என்று வகுப்பில் சிலர் கேட்கலாம். காகித விலை, எழுத்தின் அளவு, கடன் என்று இந்தக் கதையில் நம்ம சப்ஜெக்டும் நிறையவே இருக்கிறது :-) ஆனால் நான் சொல்ல வருவது வேறு. புத்தகத்தை நம்பி எழுந்த ஒரு சபை, அந்தப் புத்தகத்தைப் படித்து வந்த ஒரு மனிதரை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டது, எந்த இடத்தில் நிறுத்தியது என்பதுதான் விஷயம்.

ஏன் புத்தகம்?

முதலில் கொஞ்சம் பின்னணி. 1517-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரத்தில் மார்ட்டின் லூதர் என்ற துறவி, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 குறிப்புகளை வெளியிட்டார். அதிலிருந்து தொடங்கிய சண்டை ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்தது. லூதர் சொன்னதன் சாரம் இதுதான்: மனிதனைக் காப்பாற்றுவது கடவுளின் கிருபை, அதைப் பெற்றுக்கொள்வது விசுவாசத்தால். இதை அவனுக்குச் சொல்வது வேதம். அப்படியென்றால் வேதம் லத்தீன் தெரிந்த குருமாரிடம் மட்டும் இருந்தால் போதாது, செருப்புத் தைக்கிறவன் கையிலும் இருக்க வேண்டும்.

அதனால் 1522-ல் புதிய ஏற்பாட்டையும் 1534-ல் முழு வேதாகமத்தையும் ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். 1529-ல் வீட்டில் அப்பா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி கேள்வி பதிலாக ஒரு சிறிய ஞானோபதேச நூலும் எழுதினார்.

இதில் ஒரு சங்கிலி இருப்பதைப் பாருங்கள். எல்லோரும் படிக்க வேண்டும் என்றால் அவரவர் மொழியில் புத்தகம் வேண்டும். புத்தகம் வேண்டும் என்றால் அச்சுக்கூடம் வேண்டும். அச்சடித்ததைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். லுத்தரன் மிஷன் போன இடமெல்லாம் இந்த மூன்றும் சேர்ந்தே போனதற்குக் காரணம் இதுதான்.

தரங்கம்பாடி, 1706

டென்மார்க்காரர்கள் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் ஒப்பந்தம் போட்டு வாங்கிய சின்னக் கடற்கரை ஊர் தரங்கம்பாடி. அங்கே டேன்ஸ்பர்க் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9-ம் தேதி இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சௌ. சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. நம்மைவிட இரண்டு மூன்று வயசு கூட, அவ்வளவுதான்!

நொபிலி மதுரைக்கு வந்து சரியாக நூறு வருஷம் கழித்து நடந்தது இது. நொபிலி மேல்சாதியாரிடமிருந்து தொடங்கினார். அவர் வகுத்த வழியில், வெவ்வேறு சாதியாருக்கு வெவ்வேறு குருமார் என்ற ஏற்பாடே மதுரை மிஷனில் பின்னால் வந்தது. சீகன்பால்க் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். 1707-லேயே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் ஆரம்பித்தாயிற்று. கோட்டைத் தளபதிக்கு இவரைக் கண்டாலே ஆகாது. 1708 கடைசியில் பிடித்து நாலு மாதம் கோட்டைக்குள் அடைத்துவைத்தார்.

சிறைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, 1708 அக்டோபரில், சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். 1711 மார்ச்சில் முடித்தார். அதே சமயம் தமிழ் ஓலைச்சுவடிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-ல் அவர் போட்ட பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருக்கின்றன, திருக்குறளும் அதில் உண்டு.

பாலாடைக்கட்டி டப்பா ஈயம்

இப்போது நம்ம சப்ஜெக்ட். தமிழில் அச்சு இதற்கு முன்பே உண்டு. 1578-லேயே கொல்லத்தில் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியிருந்தது. ஆனால் அந்த மரபு நடுவில் அறுந்துபோய்விட்டது. தரங்கம்பாடியில் எல்லாமே புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம் ஒரு அச்சு இயந்திரத்தை அனுப்பியது. வழியில் ரியோ டி ஜெனிரோ பக்கம் ஃபிரெஞ்சுக்காரர்களிடம் கப்பல் மாட்டியது. மீண்டு வரும் வழியில், கூட வந்த அச்சர் ஜோனாஸ் ஃபிங்க் இறந்துபோனார். இயந்திரம் வந்தது, ஆள் வரவில்லை. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன.

வந்த எழுத்துகள் ரொம்பப் பெரிசு. பெரிய எழுத்தென்றால் பக்கம் கூடும். பக்கம் கூடினால் காகிதம் கூடும். காகிதம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். இந்தக் கணக்கில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டு முடிக்கவே முடியாது. என்ன செய்தார்கள்? தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. பக்கத்தில் பொறையாரில் காகித ஆலை ஒன்றும் அமைத்தார்கள்.

1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்த ஒரு புத்தகம் வெளிவந்தது. 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. ஒரு இந்திய மொழியில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். அந்தத் தமிழ் அழகான தமிழ் இல்லை. வீரமாமுனிவர் அதைக் கிண்டலே செய்தார். லுத்தரன்காரர்களை மறுக்க 'லுத்தேரினத்தியல்பு' என்று ஒரு நூலே எழுதினார். எதிரிக்கு இவ்வளவு கோபம் வருகிறதென்றால் புத்தகம் ஊருக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு புத்தகம் மட்டும் போகவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, தமிழர்களிடமே கேட்டும் அவர்கள் நூல்களைப் படித்தும் சீகன்பால்க் 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த தலைவர் ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் வாதம். அது 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. சீகன்பால்க் இறந்தது 1719-ல், 36 வயதில். எல்லோர் கையிலும் புத்தகம் வேண்டும் என்ற கொள்கைக்கு முதல் சோதனை இது. எந்தப் புத்தகம் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

படைவீரர் ஒருவர்

இரண்டாவது சோதனைதான் இந்தக் கட்டுரையின் மையம்.

1700 வாக்கில் தஞ்சாவூர் நாட்டில் பிறந்தவர் ராஜநாயக்கன். பறையர் சமூகம். பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சாவூர் மன்னர் படையில் வேலை. வளர்ந்த பிறகுதான் எழுத்துக் கற்றுக்கொண்டவர். 1725 வாக்கில் தரங்கம்பாடியில் அச்சான அந்தச் சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் தரங்கம்பாடி மிஷனரிகள் தஞ்சாவூர் நாட்டுக்குள் இஷ்டத்துக்குப் போய்வர முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரப் போதகர் போக முடியாத இடத்துக்குப் புத்தகம் போய்விட்டது. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு படைவீரர் தானாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். படித்துவிட்டு அவரே தரங்கம்பாடியைத் தேடிப் போகிறார். 1520-களில் ஜெர்மனியில் லூதர் ஆசைப்பட்டது இருநூறு வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் நடக்கிறது!

ராஜநாயக்கன் படை வேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். பழைய சபையாரிடமிருந்து கடுமையான எதிர்ப்பு வந்தது. அவர் நகரவில்லை. தஞ்சாவூர்ப் பகுதியில் லுத்தரன் சபை வேரூன்றியதில் அவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கிடையே 1733 டிசம்பரில் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்ட் சபைகளில் குருவான முதல் இந்தியர் அவர்தான். கடலூர்க்காரர், வேளாளர். சில வருஷம் கழித்து இரண்டாவது ஒருவருக்குப் பட்டம் கொடுக்க வேண்டிவந்தது. ராஜநாயக்கன் பெயரும் வந்தது. தகுதியில் குறை இல்லை, அதை மிஷனரிகளே ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் 1741-ல் பட்டம் பெற்றவர் தியோகு. காரணம் சாதி. ராஜநாயக்கன் கையிலிருந்து திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் வர மாட்டார்கள், நோயாளியைப் பார்க்க அவரை வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்பதுதான் மிஷனரிகள் சொன்னது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். உபதேசியாருக்கும் குருவுக்கும் என்ன வித்தியாசம்? உபதேசியார் புத்தகத்தைப் படித்துச் சொல்லலாம், விளக்கலாம், சொல்லிக்கொடுக்கலாம். குருதான் அப்பத்தைப் பிட்டுத் தர முடியும், பாத்திரத்தை நீட்ட முடியும். அதாவது ராஜநாயக்கன் வாயிலிருந்து வேதம் கேட்பதில் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. அவர் கையிலிருந்து சாப்பிடுவதில்தான் சிக்கல்.

நம்ம ஊரில் இது புரியாதவர்கள் யாரும் இருக்க முடியாது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்த ஊர்களின் சரித்திரம் நமக்குத் தெரியும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் ஒரே பந்தியில் உட்காராததும் தெரியும். காதுக்குத் தீட்டில்லை, வாய்க்குத்தான் தீட்டு.

ராஜநாயக்கன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. 1771-ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

பழைய வேதமும் பழைய வரிசையும்

அடுத்த பெரிய பெயர் ஜான் பிலிப் ஃபப்ரிசியஸ். 1740-ல் வந்தவர், சென்னை வேப்பேரியில் வாழ்நாள் முழுக்க உழைத்தார். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய ஃபிரெஞ்சு அச்சு இயந்திரம் அவர் பொறுப்புக்கு வந்தது. 1779-ல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி அங்கேதான் அச்சானது. பின்னால் தரங்கம்பாடியில் விரிவாக்கி வெளியிட்ட அதன் பதிப்பை இன்றைக்கும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் அவர் நிறையத் தமிழில் தந்தார்.

ஒரு சோகமும் உண்டு. மற்றவர்கள் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தைக் கடனுக்கு விட்டு, அது திரும்பாமல், முதுமையில் கடனாளிச் சிறைக்கே போனார். வேதப் புத்தகத்தில் ஒரு சொல்லைக்கூட விடாமல் பார்த்தவர் கணக்குப் புத்தகத்தில் கோட்டைவிட்டார்.

ஆனால் அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன்காரர்கள் உயிராக நேசித்தார்கள். தலைமுறைகள் அதைக் காதால் கேட்டே வளர்ந்தன. 19-ம் நூற்றாண்டில் ரேனியஸ் ஐயர் போன்றவர்கள் புதிய நடையில் மொழிபெயர்க்கத் தொடங்கியதும் சண்டை வெடித்தது.

அந்தச் சண்டையின் குரல் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர், சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரின் நண்பர், பெரிய கவிஞர். புதிய மிஷனரிகள் செய்யும் கொடுமைகள் என்று நான்கை அவர் 1829-ல் பட்டியல் போட்டார். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளைக் கலந்து உட்காரவைப்பது, விசேஷங்களில் பூவைத் தடுப்பது, ஆராதனையில் தமிழ் இசையை நிறுத்துவது. 'ஜாதிதிருத்தலின் பயித்தியம்' என்று ஒரு நூலும் எழுதினார்.

இந்தப் பட்டியலைப் படித்தால் மனசு இரண்டாகப் பிரிகிறது. பூவும் பாட்டும் எங்கள் பண்பாடு, அதில் வெள்ளைக்காரன் கை வைக்கக் கூடாது என்கிறபோது அவர் பக்கம் நிற்கத் தோன்றுகிறது. அதே மூச்சில், சேர்ந்து உட்காருவதும் கொடுமை என்கிறார். பழைய புத்தகத்தின் மேலுள்ள பாசமும் பழைய வரிசையின் மேலுள்ள பிடிவாதமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்ற பேச்சில் எதெல்லாம் சேர்ந்து உள்ளே வந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டார். பலர் வெளியேறினார்கள். 1840-ல் ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்த லுத்தரன் மிஷன் (பின்னால் லைப்சிக் மிஷன்) அவர்களில் பலருக்கு அடைக்கலமானது. அதன் தலைவர் கார்ல் கிரவுல் தமிழை உயிராக நேசித்தவர், திருக்குறளை 1856-ல் ஜெர்மனில் கொண்டுவந்தவர். ஆனால் சாதி ஒரு சமூக ஏற்பாடு, சுவிசேஷம் மெல்ல மெல்லத்தான் அதைக் கரைக்கும், கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் நிலை. மற்ற மிஷன்கள் இதற்காக லைப்சிக்காரர்களைக் கடுமையாகக் கண்டித்தன.

கிரவுலை வில்லனாக்கிவிடுவது சுலபம். வெளியிலிருந்து வந்தவன் உத்தரவு போட்டு ஒரு சமூகத்தை மாற்றக் கூடாது என்ற அவர் எண்ணத்தில் மரியாதை இருக்கிறது. ஆனால் அந்த 'மெல்ல மெல்ல' யாருடைய செலவில் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. காத்திருந்தவர்கள் ராஜநாயக்கனின் மக்கள்தான்.

மேசைக்கு வந்த கதை

முதல் உலகப்போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள். சுவீடன் சபைக்காரர்கள் பொறுப்பேற்றார்கள். 1919 ஜனவரி 14-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையானது. முதல் மூன்று பிஷப்புகளும் ஐரோப்பியர். 1956-ல்தான் ராஜா பூஷணம் மாணிக்கம் முதல் இந்திய பிஷப் ஆனார். 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது லுத்தரன்காரர்கள் அதில் சேரவில்லை. ஆனால் 1969-ல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியபோது சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபையும் சேர்ந்தே நடத்த முன்வந்தன.

அந்தக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் கிறிஸ்தவப் பாட்டு எழுதியவர், 2005-ல் மறைந்தார். அவர் லுத்தரன் இல்லை, சி.எஸ்.ஐ. குரு. தலித் மக்களின் பறையையும் பேச்சுத்தமிழையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எல்லோர் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் திருவிருந்தின் அர்த்தம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1741-ல் மாட்டிக்கொண்ட இடம் அதேதான் இல்லையா? சிக்கல் புத்தகத்தில் இல்லை, சாப்பாட்டில். அப்பாவு நேராக அங்கேயே போய்க் கைவைத்தார்.

இந்தச் சரித்திரத்தைப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். புத்தகம் பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. பாலாடைக்கட்டி டப்பாவை உருக்கிப் புத்தகம் போட்டவர்கள் இல்லையென்றால் ராஜநாயக்கனுக்கு ஒரு வாசலும் திறந்திருக்காது. ஆனால் படிப்பது ஒரு ஆள் தனியாகச் செய்யக்கூடிய வேலை. சேர்ந்து சாப்பிட இன்னொருத்தரும் வந்து உட்கார வேண்டும். எல்லோரும் படித்துவிட்டால் சாதி போய்விடும் என்று இன்றைக்கும் மேடையில் பேசுகிறார்கள். வேதம் படித்த வேளாளரும் வேதம் படித்த பறையரும் ஒரே கோயிலில் இருந்தும் போகவில்லை என்பதை தரங்கம்பாடி நமக்குச் சொல்கிறது.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1718-ல் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அங்கே இன்னும் நிற்கிறது, அவர் கல்லறையும் உள்ளேதான். பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது, அந்தப் பக்கம் நின்று அப்பம் கொடுக்கத் தகுதியிருந்தும் கடைசிவரை இந்தப் பக்கமே நின்ற ஒரு உபதேசியாரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.